பொட்டு வைக்காத கட்டம்

டேப்லெட்டின் தூசியைத் துடைக்கும்போது மெக்கானிக்கின் கட்டைவிரல் ‘இப்போதே அப்டேட் செய்’ என்பதில் பட்டுத் தொலைத்தது.

அவ்வளவுதான். டேப்லெட் கறுத்துப்போய் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

போன அப்டேட் குரலையே மாற்றிவிட்டுப் போனது. அதற்கு முந்தையது எழுத்தைச் சுருக்கியது. நன்றாக ஓடுகிற மிக்சியை அவர் தொழிலில் யாரும் கழற்ற மாட்டார்கள். இந்த அப்டேட் அனுப்புகிறவர்களுக்கு அதுவே பிழைப்பு.

பக்கவாதம் வந்த பிறகு அவர் மனைவிக்கு அந்த டேப்லெட்தான் வாய். ஒரு காலத்தில் மூன்று வகுப்புக்குக் கேட்ட குரல். வீட்டிலும் அவருக்கு அவள் டீச்சர்தான். இப்போது கட்டத்தைத் தொட்டால் அது பேசும். நடுங்கும் விரல் வழுக்காமலிருக்க, தேவையான கட்டங்களின் மேல் மட்டும் பசையால் சின்னச் சின்னப் பொட்டு வைத்திருந்தார். தண்ணீர், பசி, வலி, கழிவறை.

வட்டம் நின்றது. எல்லாம் தலைகீழ். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி நாலு பக்கங்களில் இருந்த கட்டங்கள் ஒரே பக்கத்தில் வந்து குவிந்திருந்தன. பொட்டு ஓரிடம், தண்ணீர் வேறிடம்.

மெக்கானிக்குக்கு அழாத குறை. தாகத்தைச் சொல்லக்கூட அவளுக்கு வழியில்லாமல் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

டேப்லெட்டை அவள் மடியில் வைத்தார். டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். விரல் இறங்கியது.

“பக்கத்துல உட்காருங்க,” என்றது டேப்லெட்.

பழைய பொட்டைத் தொட்டுத் தண்ணீர்தான் கேட்கிறாள் என்று டம்ளரை நீட்டினார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விரல் மறுபடியும் அங்கேயே போனது. மறுபடியும் அதே வார்த்தை.

“இருங்க டீச்சர், கட்டம் மாறிப்போச்சு. பொட்டைச் சுரண்டிட்டு வேற வெச்சுத் தரேன்.”

பிளேடோடு குனிந்தவர் அப்படியே நின்றார். அவள் விரலுக்குக் கீழே பொட்டே இல்லை. வெறும் கண்ணாடி.

அந்தக் கட்டம் இத்தனை நாளும் நாலாவது பக்கத்தில் கிடந்திருக்கிறது. அதுவரை தள்ளிக்கொண்டு போக அவள் விரலுக்குத் தெம்பில்லை. அங்கே என்ன இருக்கிறதென்று இவரும் எட்டிப் பார்த்ததில்லை.

பிளேடைக் கீழே வைத்தார். உட்காரலாம் என்று திரும்பினார்.

மாத்திரை, வாளி, துவைத்த துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒழுங்காக இருந்தன. அவள் படுத்து ஒரு வருஷமாகியும், அந்த அறையில் அவர் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளவில்லை.