பழக்கப்பட்டவர்

தூரத்தில் மணல் மூட்டைகளையும் துவக்குகளையும் கண்டதுமே திருச்செல்வம் காரை ஓரங்கட்டி, நான்கு கதவுகளையும் திறந்துவிட்டார்.

“இறங்குங்கோ. நான் முன்னாலை, நீங்கள் ரெண்டு பேரும் பின்னாலை. பத்திரங்களை உயர்த்திப் பிடியுங்கோ. ஓடக்கூடாது.”

“எனக்கு நெஞ்சு படபடக்குது,” என்றாள் மனைவி சிவகௌரி.

“என்னத்துக்குப் பயப்படுறீர்? இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு.”

மகளை நடுவில் விட்டு, தூறல் மழையில் மூவரும் வரிசையாக நடந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். பத்திரங்களைப் பார்த்தவன் ஆங்கிலத்தில் கேட்டான்:

“லண்டனில் இருந்தா வருகிறீர்கள்?”

“ஆமாம் சேர், பிளேஸ்டோ. ஒரு கிழமை அயர்லாந்தின் கரையோரமெல்லாம் காரில் சுற்றிப் பார்த்தோம். இந்த எல்லையைக் கடந்து பெல்ஃபாஸ்டில் கப்பல் ஏற வேண்டும்,” என்றார் திருச்செல்வம், தடுமாறாத ஆங்கிலத்தில்.

“அதற்கு ஏன் மழையில் நடக்கிறீர்கள்? எல்லோரும் காருக்குள் இருந்தே காட்டிவிட்டுப் போவார்கள். உங்களை யார் இறங்கச் சொன்னது?”

திருச்செல்வம் திரும்பிப் பார்த்தார். கதவுகள் திறந்தபடி கார் நனைந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்த இந்த ஒன்பது வருடத்தில் ஒருவருமே அவரை இறங்கச் சொன்னதில்லை.