ராணி கடைசியாகச் சொன்னது

குருபரன் எழுந்து பல் துலக்கினான். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, தன் நாடகக் குழு மாணவர்களோடு கல்லூரி வேனில் ஏறினான். மனைவி வளர்மதி இறந்தபின் அவன் வெளியூர் போவது இதுதான் முதல் தடவை.

அவர்கள் நடிக்கவிருந்த பழைய நாடகத்தில், கணவன் போரில் செத்ததைக் கேட்ட ராணி பக்கம் பக்கமாகப் புலம்பிவிட்டுக் குளத்தில் இறங்குவாள். அந்தக் குளம் உண்மையிலேயே இருந்தது; அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கரையில் அவளுக்கு ஒரு சிறு கோயில். கோயிலுக்கு முன்னால் ஒரு துணிக்கொடி. அதில் கிடந்த சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாடகத்தைப் பற்றிச் சொன்னதும், "ராணியாவது புலம்புறதாவது!" என்றாள் அங்கே பூசை செய்யும் அம்மா. "'கொடியில துணி காயுது, எடுத்துருங்க'ன்னு சொல்லிட்டு இறங்கிட்டா. அன்னிக்கு ஒருத்தரும் எடுக்கல. அதான் தினமும் ஒரு சேலையைக் காயப்போட்டு நாங்க எடுக்கிறோம்."

ராணியாக நடிக்கும் அபிதா குருபரனிடம் திரும்பினாள். "மேடையில இதைச் சொன்னா விசிலடிச்சுக் கேலி பண்ணுவாங்க சார். பழைய வசனமே இருக்கட்டும்."

"வேண்டாம். இதையே சொல்லு."

"சாகப்போறவ இப்படியா சார் பேசுவா? யார் நம்புவா?"

வளர்மதி கடைசியாக என்ன சொன்னாள் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் வாய் திறந்ததில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் சொன்னதை இப்போது அபிதாவிடம் அப்படியே சொன்னான்.

"தண்ணி வந்தா ரெண்டு குடம் பிடிச்சு வைங்க. வந்து தலைக்குக் குளிக்கணும்."