நாலரைக் கிலோமீட்டர்

"நாலரைக் கிலோமீட்டருக்கு ஒரு காரா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் வழி விடட்டும்."

பழைய கார்கள் வரிசையாக நின்ற அந்தத் திடலில், இருந்த ஒரே நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் கணவர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர் என்று வந்ததும் வராததுமாக அவரே சொல்லியிருந்தார். மனைவி வெயிலில், கார்களுக்கு நடுவே நின்றார்.

தரகர் இருபது வருஷமாகத் தம்பதிகளுக்குக் கார் விற்கிறவர். யாருக்கு ஆசை, யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இங்கே அதற்கு இருபது வருஷ அனுபவமே தேவையில்லை. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி நடுவில் பேசினால் வியாபாரம் கெட்டுவிடும்.

"தினம் எவ்வளவு தூரம்மா ஓட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தினம் இல்ல. வாரத்துக்கு மூணு நாள். போக நாலரை, வர நாலரை. விடியக்காலைல கிளம்பணும்."

"அப்ப டீசல் பக்கமே போகாதீங்க. இஞ்சின் நல்லா சூடேறதுக்குள்ள நீங்க இறங்கிடுவீங்க. கரி உள்ளேயே தங்கி அடைச்சுக்கும். பெட்ரோல்தான் சரி. பேட்டரிய மட்டும் புதுசாப் போட்டுக்கணும். குட்டிக் குட்டி ஓட்டத்துல அதுக்கு சார்ஜ் ஏறாது."

பளபளவென்று ஒரு நீளக் காரைக் காட்டினார். அந்தம்மா ஓட்டுகிற இருக்கையை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி ஏறினார்.

"பாத்தீங்களா?" என்றார் கணவர் நிழலிலிருந்து. "ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே இன்னும் பிடிபடல. இவ ஓட்டப் போறாளாம்."

தரகருக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"ஸ்டியரிங் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் அந்தம்மா. "இது வேண்டாம். குழிக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு."

அடுத்தது கூரை உயர்ந்த ஒரு சின்னக் கார். பச்சை வெளுத்துப் போயிருந்தது. பின்னால் ஒரு நசுங்கல். ஆனால் கதவு அகலமாகத் திறந்தது. அதிலும் அதே பக்கத்து இருக்கைதான். ஆறு தடவை ஏறி இறங்கினார். இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் படுத்தும் பார்த்தார்.

"ஒரே கை ஓட்டின வண்டிம்மா. கிளட்ச் போன வருஷம் மாத்தினது. ரொம்ப நாளா சும்மா நின்னதால டயர் நாலும் வெடிப்பு விட்டிருக்கு. அத மாத்தித் தர்றேன்."

"நம்ம வீட்டுலயும் அதே கதிதான்" என்றார் கணவர். "கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் தேவையே இருக்காது. வாசல்ல நின்னு துருப்பிடிக்கும். எழுதி வச்சுக்கோ."

அந்தம்மா முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினார்.

"பத்து வருஷம் ஓட்டுவேன். வாரம் மூணு நாள், ஒரு நாள் தவறாம. நீங்க எழுதி வச்சுக்கோங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

சங்கடத்தைப் போக்கத் தரகர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கணவரிடம் நீட்டினார். அந்தம்மா விறுவிறுவென்று வந்து அதைப் பறித்து, மூடியளவு மட்டும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். குடிக்கிற தண்ணீரில்கூடவா சண்டை என்று நினைத்துக்கொண்டார் தரகர்.

"ஓட்டிப் பாக்கலாமா?"

அந்தம்மா நீட்டிய உரிமத்தில் போன வாரத் தேதி இருந்தது. தரகர் மனசுக்குள் ஒரு பிரார்த்தனையோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வாசலில் ஒருமுறை இஞ்சின் அணைந்தது. நிழலிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி சாவியைத் திருகி, தெருவில் இறங்கி, நாலு திருப்பம் திரும்பி, மேடுபள்ளங்களில் கார் குலுங்காமல் மெதுவாக ஏற்றி இறக்கி, திடலுக்கே திரும்பி வந்து கணவரின் நாற்காலியை ஒட்டினாற்போல் நிறுத்தினார்.

"இதையே எடுத்துக்கிறேன்."

தரகர் இறங்கிக் கதவைத் திறந்தபடியே விட்டார். கணவர் எழுந்து, திறந்த கதவைப் பார்த்தார்.

"நீ வாங்கு, வாங்காமப் போ. இதுல நான் ஏற மாட்டேன். செத்தாலும் ஏற மாட்டேன்."

தரகருக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷ விதியை மீறி வாயைத் திறந்துவிட்டார்.

"ஏன் சார், அந்தம்மா தன் வேலைக்குன்னு ஒரு சின்ன வண்டி வச்சுக்கிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அந்தம்மா கணவரைப் பார்த்துப் பேசினார்.

"டாக்டர் டயாலிசிஸ்னு சொன்னப்ப, 'விடியக்காலைல எங்க சந்துக்கு எந்த வண்டியும் வராது, எனக்கு வேண்டாம், இருக்கிற நாள் இருந்துட்டுப் போறேன்'னு சொன்னீங்கல்ல? வண்டி வந்துடுச்சு. ஏறுங்க."