ரிக்கார்ட் ஷூ கழற்ற மாட்டான்

"கழட்டத்தான் போறேன். முடியாதுன்னா வேற நடிகனைப் பாத்துக்குங்க."

செட்டில் போட்டிருந்த வீட்டின் நிலைப்படியில் உட்கார்ந்து, ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான் டோர்கெல். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேமரா காத்திருந்தது. யாரோ போய்ச் சொல்ல, கடித்த ஏலக்காய் பன்னை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள் இங்கெலா.

இங்கெலா மனநல நிபுணர். அந்தத் தொலைக்காட்சித் தொடரில் எந்தக் கதாபாத்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்று சொல்வது அவள் வேலை. நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஸ்வீடன் முழுக்கத் திட்டித் தீர்க்கிற, டோர்கெல் நடிக்கும் வில்லன் ரிக்கார்ட், பாதி அவள் வளர்த்த பிள்ளை. யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவோடு உள்ளே நடப்பான். அது அவள் கொடுத்த யோசனைதான். அவன் ஆள் வைத்து ஒருத்தனை ஆற்றில் தள்ளியபோதுகூட யாரும் அவ்வளவு கொதிக்கவில்லை. பனிச்சேறு ஒட்டிய ஷூவோடு ஓர் ஆசிரியையின் வெள்ளைக் கம்பளத்தை மிதித்தானே, அன்றைக்குத்தான் தொலைக்காட்சி நிலையத்துக்கு வசவு மழை.

கதாசிரியை லொவிசா பேனாவால் தொடையில் தட்டிக்கொண்டு நின்றாள். "அவன் ஷூவைக் கழட்டினா திருந்திட்டான்னு அர்த்தம். திருந்தின வில்லனை வெச்சுக்கிட்டு அடுத்த வருஷம் நான் என்ன பண்றது, வீட்டுல உக்காந்து மீன் ஊறுகாய் போடறதா? நீயே சொல்லு இங்கெலா, இந்த ஆள் கழட்டுவானா?"

"மாட்டான்" என்றாள் இங்கெலா. தொழில் என்று வந்தால் அவளுக்குப் பொய் வராது.

டோர்கெலின் முகம் வாடிவிட்டது. அவனை செட்டுச் சுவரின் பின்பக்கம் கூட்டிப்போய் விசாரித்தாள். முதலில் மழுப்பினான். பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஒருவர் இருக்கிறாராம். ஒரு வாரம்கூட விடாமல் தொடரைப் பார்ப்பவராம். ரிக்கார்டைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், இப்போது டோர்கெல் போய் மணி அடித்தாலும் கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டுச் சங்கிலியைப் போட்டுவிடுகிறாராம்.

"அது வெறும் நடிப்பு, நான் வேறன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். காதுல ஏறல."

"பொம்பளையா?"

டோர்கெலுக்குக் காதுமடல் சிவந்தது. நாற்பத்தேழு வயது, இரண்டு விவாகரத்து பார்த்த ஆள். "நான் முதன்முதலா நேசிச்ச பெண். அதுக்கு மேல கேக்காத."

இங்கெலா கேட்கவில்லை. ஆனால் மனசு இளகிவிட்டது. இந்த வயதில் பழைய காதல் திரும்பி வந்து, கதவு மட்டும் திறக்காமல் இருப்பது கொடுமைதான். அதற்காக ரிக்கார்டை வளைக்க முடியுமா? அவன் ஏன் ஷூ கழற்றுவதில்லை? காரணமும் அவள் வைத்ததுதான். சின்ன வயதில் கூடப் படித்தவன் வீட்டுப் பிறந்தநாளில் எல்லாக் குழந்தைகளும் ஷூவைக் கழற்றி வைத்தபோது, ரிக்கார்டின் சாக்ஸில் ஓட்டை. விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சட்டென்று அவளுக்குப் பிடி கிடைத்தது. லொவிசாவிடம் ஓடினாள்.

"வெக்கம்கிறது அடுத்தவங்க முன்னாடிதானே? இந்தக் காட்சியில அவன் நுழையறது ஆளில்லாத வீடு. இங்க கழட்டுவான். யாரும் பாக்காத இடத்துல மட்டும் அவன் மரியாதை தெரிஞ்சவன்."

பேனா தட்டுவது நின்றது. "சாக்ஸ்ல ஓட்டை தெரியணும்" என்றாள் லொவிசா.

உடையலங்காரப் பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். டோர்கெல் கூச்சத்தோடு காலை நீட்டினான். வெட்ட வேண்டியிருக்கவில்லை. அவனுடைய சொந்த சாக்ஸிலேயே பெருவிரல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. செட்டே சிரித்தது.

அந்தக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. மறுநாள் மத்தியானம் டோர்கெல் அவளைத் துணைக்குக் கூப்பிட்டான்.

"இன்னிக்கும் சங்கிலி விழுந்துச்சுன்னா, திரும்பி வர்றப்ப என்கூட யாராவது இருக்கணும்."

மழைத் தூறலில் டிராம் இறங்கி நடந்தார்கள். செங்கல் கட்டடம், இரண்டாவது மாடி. டோர்கெல் ஒரு கையில் துலிப் பூக்களோடு மணியை அடித்தான். கதவுத் துளை இருண்டது. உள்ளே சங்கிலி சரசரத்தது. அவன் சட்டென்று குனிந்து, வெளி நடையிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் சாக்ஸோடு நிமிர்ந்து நின்றான்.

கதவு திறந்தது.

வெள்ளைத் தலையோடு ஒரு முதியவள் நின்றாள். காதலியின் அம்மாவாக இருக்கும் என்று நினைத்த இங்கெலா, அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். உள்ளே வேறு யாரையும் காணவில்லை.

முதியவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் காலையே பார்த்தாள். முகம் மெல்ல மெல்லக் கனிந்தது.

"நேத்து டிவில பாத்தேன். யாருமில்லாத வீட்டுலகூடக் கழட்டினியே. நீ ஒண்ணும் அவ்வளவு கெட்டவன் இல்ல. உள்ள வா, ரிக்கார்ட்."

டோர்கெல் உள்ளே போய்ச் சின்னப் பிள்ளைபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவன் கண் நிறைந்திருந்தது. முதியவள் ஊசியும் நூலும் எடுத்துவந்து, எதிரே அமர்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பையன் டோர்கெலுக்கும் இதே விரல்லதான் ஓட்டை விழும்" என்றாள், நூலைக் கோத்தபடி. "பாவம், அவனைத்தான் ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணோம்."