இயற்றியவர்: மக்கள்

"மூணாவது சரணத்தை எடுத்துடும்மா," என்றார் மெலிக்யான்.

ஷூஷான் மைக்கை விட்டு நகரவில்லை.

யெரெவானில் எந்தப் பாட்டு வானொலியில் போகலாம், எது கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரி மெலிக்யான். 1949ஆம் வருடத்துச் சோவியத் ஆர்மீனியாவில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தும்மல்கூடக் காற்றில் போகாது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் இருந்ததை ராகமில்லாமல் வாசித்தார்.

'கதவைத் தட்டுகிறார்கள், விளக்கை அணைக்க வேண்டாம். என்னைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள், நானே திறக்கிறேன்.'

"யாரு தட்டறது?"

பக்கத்தில் துதுக் குழலோடு உட்கார்ந்திருந்த கிழவர் வாகான் தலையைக் குனிந்துகொண்டார். ஒலிப்பதிவுக்காரர் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பொண்ணு கேட்டு வந்தவங்க தோழர்," என்றாள் ஷூஷான். "தாலின் ஊர்ப் பக்கத்துக் கல்யாணப் பாட்டு இது. நம்ம நாட்டுல வேற யாராச்சும் வந்து கதவைத் தட்டறாங்களா என்ன?"



ஆமாம் என்று சொன்னால் மெலிக்யான் தொலைந்தார். இல்லை என்று சொன்னால் சரணம் நிற்கும். அவருடைய காதுமடல் சிவந்தது.

"அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். எடுன்னா எடு."

"எடுக்கமாட்டேன். இது மக்கள் பாட்டு. மக்கள் கட்டின வரி தப்புன்னு எழுதி, கீழ உங்க பேரைப் போட்டுக் கொடுங்க. இப்பவே எடுத்துடறேன்."

மெலிக்யான் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

 

கடைசியில் அவர் அனுமதிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'இயற்றியவர்' என்ற இடத்தில் 'மக்கள்' என்று எழுதி, முத்திரை குத்தினார்.

வாகான் கன்னங்கள் உப்ப ஊதினார். ஷூஷான் பாடினாள். மூன்றாவது சரணத்தில் குரலைக் கொஞ்சமும் இறக்கவில்லை. ஆலை வாசல்களில், ஊர்ச் சதுக்கங்களில், லவாஷ் ரொட்டி சுடுகிற அடுப்பங்கரைகளில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அது கேட்டது.

முடிந்ததும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாகான் பின்னாலேயே ஓடிவந்தார்.

"தாலின் பக்கம்தான் நான் பொறந்து வளர்ந்தேன், தங்கச்சி. அம்பது வருஷமா அங்க கல்யாணத்துக்கு ஊதறேன். இப்படி ஒரு பாட்டைக் கேட்டதே இல்லையே."

"இனிமே கேப்பீங்கண்ணா."

அவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, கையில் பிடித்தபடி நின்றார்.

ஷூஷான் டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மக்கள் விரோதி என்று சொல்லி அவள் கணவன் ஹ்ராயரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் எழுதிய ஒரு வரியை வைத்திருந்தாலும் சிறை. அவன் கவிதை நோட்டை அவளே அடுப்பில் போட்டாள், அதிலிருந்த இருபத்துமூன்றையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகு.

இன்றோடு அவற்றில் ஐந்து, மக்கள் பாட்டாகிவிட்டன.