யாகப்பு எழுதிய கடிதம்

"அழாதை ஜெசிதா. குற்றச்சாட்டைத் திருப்பி எடுத்திட்டினம். நாளைக்குக் காலமை நீ வேலைக்குப் போறாய்."

தாதியர் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளைச் செயலாளர் கனகலிங்கம் இதைச் சொன்னதும் ஜெசிதா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று மாதங்களாக அவள் பணி இடைநிறுத்தத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய வாட்டில் இருந்த நோயாளி, குருநகர் லூர்த்தம்மா, மூச்சுத் திணறி இறந்துபோனார். 'மனைவி தவித்த நேரம் தாதி பக்கத்தில் இல்லை என்று கணவர் யாகப்பு எழுதியுள்ளார்.' குற்றப்பத்திரத்தில் இருந்த அந்த ஒரு வரி அவளை வீட்டுக்கு அனுப்பியது. சொந்தக்காரர்கூட முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சங்கம் மட்டும் அவளைக் கைவிடவில்லை.

"சங்கக் கூட்டம் எண்டால் சாட்டுச் சொல்லி ஒளிச்சுத் திரிஞ்சனான், அண்ணை. நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்?"

"இனி வருவாய்தானே!" கனகலிங்கம் சிரித்தார்.

ஜெசிதா கண்ணைத் துடைத்தாள். "அண்டைக்கு நாப்பது பேருக்கு நான் ஒருத்தி. பக்கத்துக் கட்டில் பெட்டைக்கு வலிப்பு. யாகப்பு ஐயா எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகும் ஏன் அப்பிடி எழுதினவர்? குருநகர்ப் பக்கம் போகவே பயமாக் கிடக்கு."

கனகலிங்கம் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"அந்தக் கடிதத்தைத் தரேலாது எண்டுதான் ஆஸ்பத்திரியிலை முதலிலை சொன்னவை. கொழும்பிலை எங்கடை தலைமைச் சங்கம் நாலு தரம் எழுதி, சட்டத்தரணியையும் அனுப்பித்தான் எடுத்தது. நேற்றுத்தான் கைக்கு வந்தது. இந்தா."

"வேண்டாம் அண்ணை. அவரின்ரை கோவத்தை வாசிக்க எனக்குத் தெம்பில்லை."

"வாசி பிள்ளை."

வாங்கிப் பிரித்தாள். கோணல்மாணலான எழுத்து.

'பெரிய டொக்டர் ஐயாவுக்கு, என்ரை மனுசி தவிச்ச நேரம் மிஸ்ஸி பக்கத்திலை இல்லை. மற்றக் கட்டில் பெட்டையின்ரை உயிரைக் காப்பாத்திக்கொண்டு நிண்டவ. அது தப்பின உடனை ஓடிவந்து, என்ரை மனுசி கண் மூடுமட்டும் கையை விடேல்லை. எனக்கு அவவின்ரை பேர் தெரியாது. தயவுசெய்து இந்த நன்றிக் கடிதத்தை அவவின்ரை கையிலை குடுத்துவிடுங்கோ.'