கல்லறையோரத்து டப்பா

பாளையங்கோட்டையின் பழைய கல்லறைத் தோட்டத்தில், மகன் ஜெபசிங்கின் கல்லறையோரம் தேவகிருபை ஒரு டப்பாவை ஒளித்துவைத்தாள். போன் காட்டும் வழியில் போய் டப்பா தேடும் விளையாட்டென்றால் அவனுக்கு உயிர். இடத்தை அந்த விளையாட்டில் பதிந்துவிட்டு, தேடிவரும் பிள்ளைகளிடம் அவனைப் பற்றிப் பேசலாமே என்று காத்திருந்தாள். வந்ததோ அவர்கள் அனுப்பிய, பேசும் ட்ரோன்.

"எய்யா, ஒன்ன அனுப்புனவுக வரமாட்டாகளா?"

"அவங்களுக்கு நேரமில்லைம்மா. டப்பா கிடைச்சிருச்சு, நன்றி."

"அதுக்குள்ள கெளம்பிட்டியா?" என்று அவள் கேட்பதற்குள் அது பறந்துவிட்டது.

மறுநாள் டப்பாவை எடுத்து, தோட்டத்தின் மறுகோடியில், பாசி பிடித்த கல்லுக்கடியில் ஆழமாகச் செருகினாள். அடுத்து வந்த ட்ரோன், பதிந்த இடத்தில் டப்பா கிடைக்காமல் கல்லறை கல்லறையாக அலைந்தது.

"மெதுவாத் தேடுய்யா, அவசரமில்ல" என்று அதன் பின்னாலேயே நடந்தபடி, ஜெபசிங் பிறந்த கதையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.